சகோதரன்மேல் கை ஓங்காத இளவரசர்



லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் பெயர் குறிப்பிடப்படாத ஒரு மனிதர் வருகிறார். கூட்டத்தின் நடுவிலிருந்து அவர் இயேசுவைக் கூப்பிடுகிறார். அவர் கேட்பது உடல்நலம் அல்ல, பாவமன்னிப்பும் அல்ல. குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுக்கும்படி ஆண்டவர் தம் சகோதரருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். அந்த வழக்குக்கு நடுவராக இருக்க ஆண்டவர் மறுத்துவிடுகிறார். பேராசையைக் குறித்து எச்சரிக்கிறார். அந்த மனிதர் வீடு திரும்பி என்ன செய்தார், சகோதரரோடு மீண்டும் பேசினாரா என்று நற்செய்தி சொல்லவில்லை. அதை நம் ஒவ்வொருவருடைய குடும்பமும் எழுதி முடிக்கும்படி விட்டுவிட்டது போலிருக்கிறது.

அந்த முடிவைத் தம் இரத்தத்தால் எழுதிய ஓர் இளவரசரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயர் போரிஸ். அவருடைய தம்பி கிளெப். 1015ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், சில வார இடைவெளியில், இருவரும் தங்கள் அண்ணனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். ருஸ் நாட்டு மண்ணில் பிறந்தவர்களுள் திருச்சபை முதன்முதலில் புனிதர்களாக வணங்கியது இவர்களையே. உரோமை மறைசாட்சியர் ஏடு ஜூலை 24ஆம் நாளில் இவர்களை நினைவுகூருகிறது. நம்மில் பலருக்கு இவர்கள் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் இவர்கள் வீட்டில் நடந்தது நமக்குப் புதிதல்ல.

முதலில் இவர்களுடைய நாட்டையும் குடும்பத்தையும் பார்ப்போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கீவ் நகரைத் தலைநகராகக் கொண்டு ருஸ் என்ற பெரிய அரசு இருந்தது. இன்றைய உக்ரைன், பெலாருஸ், ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளும் தங்கள் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குகின்றன. அந்நாட்டின் பேரரசர் விளாதிமிர் 988ஆம் ஆண்டளவில் திருமுழுக்குப் பெற்றார். மக்களையும் திருமுழுக்குப் பெறச் செய்தார். போரிஸும் கிளெப்பும் அவருடைய மகன்கள். திருமுழுக்கில் போரிஸுக்கு ரோமான் என்றும் கிளெப்புக்குத் தாவீது என்றும் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் அரியணை இந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதையும் நாம் அறிய வேண்டும். விளாதிமிரின் தந்தை இறந்தபோது மூன்று மகன்கள் நாட்டைப் பிரித்து ஆண்டார்கள். மூத்தவர் யாரோபோல்க், நடுவிலவர் ஒலெக், இளையவர் விளாதிமிர். 977ஆம் ஆண்டு மூத்தவருக்கும் நடுவிலவருக்கும் போர் மூண்டது. தோற்று ஓடிய ஒலெக், கோட்டை வாயிற்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் அகழிக்குள் விழுந்து நசுங்கி இறந்தார். தம்பியின் உடலைக் கண்ட யாரோபோல்க் அதன்மேல் விழுந்து அழுதார் என்று பழைய வரலாற்று ஏடு கூறுகிறது. அந்த அழுகையால் எதுவும் மாறவில்லை. சில ஆண்டுகளில் விளாதிமிர் கடல் கடந்து கூலிப்படை திரட்டி வந்தார். சமாதானம் பேச வந்த யாரோபோல்க், வாசற்படி தாண்டி உள்ளே நுழைந்த கணத்தில் இரண்டு வீரர்களின் வாளுக்கு இரையானார். அவருடைய மனைவியை விளாதிமிர் எடுத்துக்கொண்டார். அவள் அப்போதே கருவுற்றிருந்தாள் என்றும், அவளுக்குப் பிறந்த மகனே ஸ்வியாதோபோல்க் என்றும் அதே ஏடு சொல்கிறது.

அந்தக் குழந்தை எந்த வீட்டில் வளர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். தன்னைப் பெற்ற தந்தையைக் கொன்றவரையே அப்பா என்று அழைக்க வேண்டிய வீடு அது. வன்மம் மரபுரிமை போலத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதுண்டு. பத்திரம் எழுதாமலே, பதிவு செய்யாமலே அது பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

விளாதிமிர் திருமுழுக்குக்குப் பின் பெரிதும் மாறினார் என்பதும் உண்மை. ஏழைகள் யாராயினும் அரண்மனை முற்றத்துக்கு வந்து உணவு பெறலாம் என்று அவர் அறிவித்தார். நடந்து வர முடியாத நோயாளிகளைத் தேடி ரொட்டியும் இறைச்சியும் மீனும் பழங்களும் ஏற்றிய வண்டிகள் கீவ் நகரத் தெருக்களில் சென்றன. குற்றவாளிகளுக்கு மரண தண்டனை கொடுப்பதுகூடப் பாவமாகிவிடுமோ என்று அவர் தயங்கினார். இப்படி மாறிய தந்தையின் நிழலில்தான் போரிஸ் வளர்ந்தார். இவர்களுடைய வாழ்க்கையை எழுதிய நெஸ்தோர் என்ற துறவி ஓர் அழகிய காட்சியைத் தருகிறார். போரிஸ் படிக்கத் தெரிந்தவர். மறைசாட்சிகளின் வரலாறுகளை வாசித்துக் கண்ணீரோடு செபிப்பார். சிறுவனான கிளெப் அண்ணனை விட்டு அகலாமல் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன வாசித்துக் காட்டுகிறோம் என்பது அற்பக் காரியம் அல்ல.

மகன்கள் வளர்ந்ததும் தந்தை ஆளுக்கொரு நகரைக் கொடுத்தார். போரிஸுக்கு ரொஸ்தோவ், கிளெப்புக்கு மூரோம் கிடைத்தன. வடக்கே நோவ்கொரோத் நகரை ஆண்ட யாரோஸ்லாவ், தந்தைக்குச் செலுத்த வேண்டிய கப்பத்தை நிறுத்திவிட்டார். தந்தை மகன்மேல் படையெடுக்க ஆயத்தமானார். அதற்குள் நோயில் விழுந்தார். அந்நேரத்தில் பெச்செனெக் எனப்படும் புல்வெளி நாடோடிகள் படையெடுத்து வருவதாகச் செய்தி வந்தது. நோயுற்ற தந்தை தம் படையைப் போரிஸிடம் ஒப்படைத்து, எதிரிகளைத் தடுக்க அனுப்பினார்.

1015 ஜூலை 15 அன்று விளாதிமிர் இறந்தார். ஸ்வியாதோபோல்க் அப்போது கீவ் நகரிலேயே இருந்தான். உடனே ஆட்சியைக் கைப்பற்றி, மக்களுக்குப் பொருள்களை வாரி வழங்கத் தொடங்கினான். மக்கள் வாங்கிக்கொண்டார்கள், ஆனாலும் அவர்கள் மனம் அவனோடு இல்லை, ஏனெனில் அவர்களுடைய சகோதரர்கள் போரிஸின் படையில் இருந்தார்கள் என்கிறது ஏடு.

போரிஸ் எதிரிகளைக் காணாமல் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆல்தா ஆற்றங்கரையில் பாளையமிறங்கியிருந்தபோது தந்தையின் மரணச் செய்தி வந்தது. அவர் மிகவும் அழுதார். படைத்தலைவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தந்தையின் படை முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. கீவ் நகருக்குச் சென்று தந்தையின் இருக்கையில் அமருங்கள் என்று வற்புறுத்தினார்கள். அரசியல் கணக்குப்படி அவர்கள் சொன்னது சரியே.

போரிஸ் மறுத்துவிட்டார். அண்ணன்மேல் கை ஓங்க மாட்டேன், தந்தை இறந்துவிட்டதால் இனி அண்ணனே எனக்குத் தந்தை என்பதுதான் அவருடைய பதிலின் சாரம். அதைக் கேட்ட படைவீரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். வெற்றி பெறப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட தலைவனிடம் அவர்களுக்கு என்ன வேலை? சில பணியாளர்கள் மட்டுமே போரிஸோடு தங்கினார்கள்.

ஸ்வியாதோபோல்க் இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்தான். உன்மேல் அன்பாயிருக்க விரும்புகிறேன், தந்தையின் சொத்தில் உன் பங்கைக் கூட்டித் தருகிறேன் என்று போரிஸுக்கு ஆள் அனுப்பினான். அதே வேளையில் இரவோடிரவாக விஷ்கொரோத் என்ற ஊருக்குப் போய், தனக்கு உண்மையான ஆட்களைத் தேர்ந்தெடுத்து, போரிஸைக் கொல்ல அனுப்பினான்.

கொலைகாரர்கள் இருட்டில் வந்து சேர்ந்தபோது, கூடாரத்துக்குள்ளிருந்து திருப்பாடல்களின் ஒலி கேட்டது. தம்மைக் கொல்ல ஆள் வருகிறது என்று போரிஸுக்கு முன்னரே தெரிந்திருந்தது. அவர் தப்பி ஓடவில்லை. காலைச் செபத்தைச் செபித்து முடித்தார். கிறிஸ்துவின் திருவுருவத்துக்கு முன் நின்று, சிலுவையில் அறையப்பட ஆண்டவர் தம்மைக் கையளித்ததுபோல் தாமும் இந்தப் பாடுகளை ஏற்க வரம் கேட்டார்; இது பகைவரிடமிருந்து அல்ல, சொந்தச் சகோதரனிடமிருந்து வருகிறது, இதை அவன்மேல் பாவமாகச் சுமத்த வேண்டாம் என்றும் மன்றாடினார். பிறகு படுக்கையில் சாய்ந்தார். அவர்கள் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு ஈட்டிகளோடு பாய்ந்தார்கள்.

அங்கே இன்னொருவரும் இருந்தார். அவர் ஜார்ஜ் என்ற ஹங்கேரி நாட்டுப் பணியாளர். போரிஸ் அவரை மிகவும் நேசித்தார். ஒரு பொன் கழுத்தணியையும் கொடுத்திருந்தார். ஜார்ஜ் தம் தலைவரின் மேல் விழுந்து, தம் உடலால் அவரை மறைத்தார். அவரையும் குத்தினார்கள். பொன் அணியை விரைவாகக் கழற்ற முடியாததால் அவருடைய தலையையே வெட்டி எடுத்தார்கள். ஒரே கூடாரத்துக்குள் நடந்ததைப் பாருங்கள். கூடப்பிறந்தவன் கொல்ல ஆள் அனுப்புகிறான். அந்நிய நாட்டவர் உயிரைக் கொடுக்கிறார். நமக்கு உண்மையான சகோதரர் யார் என்ற கேள்விக்கு இரத்த உறவு மட்டும் விடை தருவதில்லை.

குற்றுயிராய்க் கிடந்த போரிஸைக் கூடாரத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் மூச்சு இருக்கிறது என்று கேள்விப்பட்ட அண்ணன், இருவரை அனுப்பி வாளால் குத்தி முடித்துவிடச் செய்தான். அது ஜூலை 24. தந்தை இறந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன.

அடுத்து கிளெப். தந்தை மிகவும் நோயுற்றிருக்கிறார், உன்னை உடனே பார்க்க விரும்புகிறார் என்று ஸ்வியாதோபோல்க் பொய்ச் செய்தி அனுப்பினான். பாசமுள்ள பிள்ளை உடனே குதிரையேறிப் புறப்பட்டார். வழியில் குதிரை இடறி விழுந்து காலில் காயம் ஏற்பட்டது. ஆனாலும் பயணத்தை நிறுத்தவில்லை. ஸ்மோலென்ஸ்க் நகரைத் தாண்டிப் படகில் இருந்தபோது யாரோஸ்லாவிடமிருந்து உண்மைச் செய்தி வந்தது: தந்தை இறந்துவிட்டார், போரிஸ் கொல்லப்பட்டார், போகாதே. கிளெப் கதறி அழுதுகொண்டிருக்கும்போதே கொலைகாரர்களின் படகு வந்து சேர்ந்தது. அவர்கள் தலைவன் ஆணையிட, கிளெப்பின் சொந்தச் சமையற்காரனே கத்தியை எடுத்து அவர் கழுத்தை அறுத்தான். அது செப்டம்பர் 5.

பழைய வரலாறுகளுள் ஒன்று கிளெப்பின் கடைசி நேரத்தை மறைக்காமல் எழுதுகிறது. அவர் பயந்தார், நடுங்கினார், என் இளமையின்மேல் இரக்கம் வையுங்கள் என்று கெஞ்சினார். போரிஸும் வழியெல்லாம் அழுதார். புனிதர்கள் சாவைக் கண்டு சிரித்தவர்கள் என்று நாம் சிலவேளை நினைத்துவிடுகிறோம். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே கலங்கினார் அல்லவா? பயம் பாவமல்ல. பயத்தின் நடுவிலும் பகைமைக்கு இடங்கொடுக்காமல் இருப்பதே அருள்.

பிறகு என்ன நடந்தது? மூன்றாவதாக இன்னொரு சகோதரனும் ஸ்வியாதோபோல்க்கால் கொல்லப்பட்டான். யாரோஸ்லாவ் படைதிரட்டி வந்தார். நான்கு ஆண்டுகள் போர் நடந்தது. 1019ஆம் ஆண்டு, போரிஸ் இறந்த அதே ஆல்தா ஆற்றங்கரையில் ஸ்வியாதோபோல்க் தோற்றான். துரத்துவார் இல்லாதபோதும் யாரோ துரத்துகிறார்கள் என்று அலறிக்கொண்டே ஓடி, அந்நிய மண்ணில் செத்தான் என்கிறது ஏடு. தம்பியைக் கொன்ற காயினின் கதையை அதை எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். கிளெப்பின் உடலைத் தேடிக் கண்டெடுத்து, விஷ்கொரோத் ஆலயத்தில் அண்ணனின் அருகில் அடக்கம் செய்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இவர்கள் எப்படிப் புனிதர்கள்? கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லி யாரும் இவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இது அரியணைக்காக நடந்த அரசியல் கொலைதானே? அன்றே சிலருக்கு இந்த ஐயம் இருந்தது. கீவ் நகரின் கிரேக்கப் பேராயர் ஜார்ஜ் இவர்களுடைய புனிதத்தை உறுதியாக நம்பவில்லை. 1072ஆம் ஆண்டு இவர்களுடைய திருப்பண்டங்களைப் புதிய ஆலயத்துக்கு மாற்றப் பெட்டியைத் திறந்தபோது நறுமணம் எழுந்ததாகவும், பேராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்டதாகவும் ஏடு கூறுகிறது. அந்நாட்டுத் திருச்சபை இவர்களுக்கெனத் தனிப் பெயரொன்றைக் கண்டது: பாடுகளைத் தாங்கியோர். விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டதற்காக அல்ல, அநீதியான சாவைக் கிறிஸ்துவைப் போல் ஏற்றதற்காக அவர்கள் மறைசாட்சிகள். இவர்கள் வாழ்ந்தது 1054இன் பெரும் பிரிவினைக்கு முன். ஆகவே கீழைத் திருச்சபையும் நாமும் இவர்களைப் பொதுவாகப் பெற்றிருக்கிறோம். 1095ஆம் ஆண்டு இவர்களுடைய திருப்பண்டங்கள் செக் நாட்டின் சாசவா மடத்துக்கும் சென்றன.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்வோம். போரிஸ் தீமைக்குப் பணிந்துபோனாரா? அவர் கோழையல்ல; நாட்டு மக்களைக் காக்கப் படை நடத்திச் சென்றவர். மக்களைப் பாதுகாக்க அரசர் போரிடுவதைத் திருச்சபை பாவம் என்று போதிப்பதில்லை. போரிஸ் மறுத்தது ஒன்றே ஒன்றைத்தான்: தமக்கு நாற்காலி வேண்டும் என்பதற்காகச் சகோதரனைக் கொல்வதை. அதுபோலவே, வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் வாய்மூடி இரு என்று சொல்ல இந்தப் புனிதர்களை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஏமாற்றப்பட்ட தங்கை தன் நியாயமான பங்கைக் கேட்பதும் தவறல்ல. நீதி கேட்பது வேறு, அழித்துவிட நினைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே இருக்கிறது என்று நம் மனச்சான்றுக்குத் தெரியும்.

போரிஸ் செய்தது இதுதான். ஒலெக்கிலிருந்து யாரோபோல்க் வரை, யாரோபோல்க்கிலிருந்து தம் தலைமுறை வரை வந்த பழிச்சங்கிலியைத் தம்மோடு நிறுத்த முயன்றார். அதற்கான விலையைப் பிறர் தலையில் சுமத்தாமல் தாமே கொடுத்தார்.

அந்தச் சங்கிலி உடனே அறுந்துவிட்டதா? இல்லை. 1072இல் போரிஸின் பெட்டியைத் தோளில் சுமந்து சென்றவர்கள் யாரோஸ்லாவின் மூன்று மகன்கள். விழா முடிந்து மூவரும் ஒன்றாக அமர்ந்து உணவருந்தினார்கள். மறு ஆண்டே இரண்டு தம்பிகள் சேர்ந்து மூத்தவரைக் கீவ் நகரிலிருந்து துரத்திவிட்டார்கள்! சகோதர அன்புக்காக உயிர்விட்டவர்களின் பெட்டியைச் சுமந்த அதே தோள்கள். திருவிழாவில் சுரூபம் சுமக்கும் நாமும், தேர் இழுக்கும் நாமும் இங்கே சற்று நின்று யோசிக்கலாம்.

ஆனால் விதைத்தது வீணாகவும் இல்லை. 1096ஆம் ஆண்டு அதே குடும்பத்தில் இன்னொரு போர். இளவரசர் ஒலெக்கை எதிர்த்து நடந்த சண்டையில் விளாதிமிர் மோனோமாக் என்பவரின் மகன் இறந்தான். அது நடந்தது கிளெப் ஆண்ட மூரோம் நகருக்கு அருகில். மகனை இழந்த தந்தை பழியைத் தேடவில்லை. ஒலெக்குக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. கடவுளை அன்பு செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சகோதரனை வெறுப்பவனைப் பற்றிய யோவானின் போதனையோடு அது தொடங்குகிறது. அதில் மோனோமாக் சமாதானத்தைக் கேட்கிறார். விதவையான இளம் மருமகளை என்னிடம் அனுப்பிவை, அவளை அணைத்து அழுகிறேன் என்கிறார். போரிஸ் இறந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வீட்டில் ஒருவர் வாளுக்குப் பதிலாகப் பேனாவை எடுத்தார்.

போரிஸ் இரத்தம் சிந்திய மண் இன்று உக்ரைனில் இருக்கிறது; கிளெப் இரத்தம் சிந்திய மண் ரஷ்யாவில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்ததிலிருந்து, இவ்விரு சகோதரர்களையும் வணங்கும் மக்கள் ஒருவர் கையால் ஒருவர் மடிவதை உலகம் பார்த்துவருகிறது. அவர்களுக்காக நாம் செபிப்போம். செபிக்கும்போது நம் வீட்டையும் மறக்க வேண்டாம். ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில், ஆளுக்கொரு பக்கம் அமர்ந்து, சமாதானம் பகிரும் நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் உடன்பிறப்புகள் நம் நடுவிலும் இருக்கிறார்கள். ஒரு வரப்புக்காக, ஒரு சுவருக்காக, தாய் விட்டுச்சென்ற நகைக்காக, அல்லது சாவு வீட்டில் சொல்லப்பட்ட ஒரு சொல்லுக்காக.

நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. ஒரு வீட்டு வாசற்படி ஏறக் கேட்கிறார்கள். ஒரு தொலைபேசி எண்ணை அழுத்தக் கேட்கிறார்கள். முதலில் பேசுபவர் தோற்றுப்போனார் என்று உறவினர்கள் சொல்லக்கூடும். போரிஸின் படைவீரர்களும் அப்படித்தான் நினைத்துக் கலைந்து போனார்கள். இந்த வாரம், நம் குடும்பத்தில் நாம் பேசாதிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி ஒரு நாளாவது செபிப்போம். பிறகு ஆண்டவர் காட்டும் அடுத்த அடியை எடுத்து வைப்போம்.

இறைவா, சகோதரனுக்கு எதிராகக் கை ஓங்க மறுத்த புனித போரிஸையும், அச்சத்தின் நடுவிலும் உம் கையில் தம்மை ஒப்படைத்த புனித கிளெப்பையும் எங்களுக்கு எடுத்துக்காட்டாகத் தந்ததற்கு நன்றி கூறுகிறோம். எங்கள் முன்னோரிடமிருந்து எங்களுக்கு வந்த பகை எங்கள் பிள்ளைகளிடம் போய்ச் சேராதபடி, அது எங்களோடு முடிந்துவிட அருள்புரியும். போரிடும் நாடுகளுக்கும் பிளவுபட்ட குடும்பங்களுக்கும் உமது அமைதியைத் தாரும். ஆமென்.